அம்மாவின் கணக்கில் பிசகு கண்டு சொன்னவர்களுக்கு

எங்கள் தெருவாருக்கு வணக்கம்.

முதல் நன்றி எதிர்வீட்டு அக்காவுக்கு. தான் நடத்தும் சீட்டில் தள்ளுத் தொகையை மனக்கணக்காகவே பிரித்துச் சொல்லும் அம்மா, ஒரே பெயரை இரண்டு தடவை எழுதுவதைப் பார்த்துவிட்டு, வயதாகிவிட்டது என்று விட்டுவிடாமல் எங்களிடம் வந்து சொன்னீர்கள். பணம் புழங்கும் இடத்தில் இப்படிச் சொல்ல எவ்வளவு சங்கடப்பட்டிருப்பீர்கள்!

அடுத்து, 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கு வரும் தங்கை. துடிப்பு சீராக இல்லை என்று பிரஷர் கருவி காட்டியபோது கருவியைக் குறை சொல்லியிருக்கலாம். அவரோ நாடியைப் பிடித்துப் பார்த்தார். இசிஜி எடுக்கும்வரை விடவில்லை. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்று தெரிந்தது.

டாக்டர் அம்மாவிடமே நேராக விளக்கினார். இதயத்தின் மேலறைகள் ஒழுங்காகச் சுருங்காமல் நடுங்குகின்றன. அங்கே தேங்கும் இரத்தம் உறைந்து மூளைக்குப் போனால் பக்கவாதம் வரும். உறைந்த இரத்தம் பொடிப்பொடியாகப் போனால் வெளியே ஒன்றும் தெரியாது. ஆனால் நினைவும் கணக்கும் மெல்லத் தேயலாம். எம்ஆர்ஐ படத்தில் அப்படிச் சில பழைய தழும்புகள் இருந்தன. மறதி முழுவதற்கும் இதுவே காரணம் என்று அவர் அடித்துச் சொல்லவில்லை. போனது திரும்பும் என்று ஆசை காட்டவும் இல்லை. அந்த நேர்மைக்குத் தனி வணக்கம்.

முகம் தெரியாத சிலருக்கும் கடன்பட்டிருக்கிறோம். 1948 முதல் அமெரிக்காவின் ஃபிரேமிங்ஹாம் ஊர்மக்கள் ஆய்வுக்குத் தங்களை ஒப்புக்கொடுத்ததால்தான், இந்தத் துடிப்புக் கோளாறு பக்கவாத ஆபத்தை ஐந்து மடங்காக்குகிறது என்று தெரிந்தது. மறதிநோயோடு அதற்குள்ள தொடர்பை 1997இல் நெதர்லாந்தின் ராட்டர்டாம் ஆய்வு காட்டியது. 2018இல் ஸ்வீடனில் நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளின் பதிவுகளைப் பார்த்தபோது, இரத்த உறைவைத் தடுக்கும் மருந்து எடுத்தவர்களிடம் மறதிநோய் குறைவாக இருந்தது. மருந்துதான் காத்தது என்று அதை வைத்து முடிவுகட்ட முடியாது. எங்களுக்கு அந்த அளவு நம்பிக்கை போதும்.

அம்மாவுக்குக் கொடுத்திருக்கும் உறைவுத் தடுப்பு மாத்திரையான வார்ஃபரின் சொன்னபடி கேட்கிற ஆள் அல்ல. இரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐஎன்ஆர் அளவு 2க்கும் 3க்கும் இடையில் நிற்க வேண்டும். இரத்தம் எடுக்க விடியற்காலையில் வரும் லேப் தம்பிக்கும், கீரையைத் திடீரென்று கூட்டவோ நிறுத்தவோ கூடாது என்றதும் வாரந்தோறும் அதே அளவு கட்டித் தரும் கீரைக்கார அம்மாவுக்கும் நன்றி. மூட்டுவலி மாத்திரை கேட்டுப்போன அம்மாவுக்கு, வார்ஃபரினோடு சேர்ந்தால் இரத்தக்கசிவு வரலாம் என்று சொல்லி, மாத்திரையைக் கொடுக்க மறுத்து, எனக்கும் போன் செய்த மருந்துக்கடை அண்ணனை மறக்கவே முடியாது. திட்டு வாங்கியவர் அவர்தான்.

அடுத்த மாதச் சீட்டையும் அம்மாதான் நடத்துகிறார். நோட்டை அக்கா எழுதுவார். இரவு எட்டு மணிக்கு மேல் அம்மாவை வாசலில் பார்க்கிறவர்கள், மாத்திரை போட்டாயிற்றா என்று ஒரு வார்த்தை கேளுங்கள். போட்டுவிட்டேன் என்றால் டப்பாவையும் காட்டச் சொல்லுங்கள்.

அன்புடன்,
மூத்த மகள்