கரையைக் கடந்த பிறகும் கேமராவைத் திருப்பாதீர்கள்

தமிழ்ச் செய்தித் தொலைக்காட்சி ஆசிரியர்களுக்கு,

வணக்கம். திருவெண்ணெய்நல்லூர் பக்கம், தென்பெண்ணைக் கரை ஊர்க்காரன் எழுதுகிறேன்.

2024 நவம்பர் 30, சனிக்கிழமை இரவு. புதுச்சேரி அருகே ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்துவிட்டது என்று சொன்னீர்கள். அப்பா டிவியை அணைத்தார். மல்லாட்டை (நிலக்கடலை) விதை மூட்டைகளை இரண்டு நாளாகக் கட்டில்மேல் அடுக்கி வைத்திருந்தோம். ஞாயிறு முழுக்க மழை விடவில்லை. இருந்தும் சாயங்காலம் மூட்டைகளைத் தரையில் இறக்கினார். "அதான் கடந்துபோச்சுன்னு சொல்லிட்டாங்களே, இனி கட்டில்ல படுக்கலாம்" என்றார். திங்கட்கிழமை விடியுமுன் ஆற்றுத் தண்ணீர் வாசல்படி ஏறிவிட்டது. அடி மூட்டையை மறுநாள் பிரித்தபோது கொட்டையெல்லாம் ஊதி, தோல் கையோடு வந்தது.

நீங்கள் சொன்னது பொய்யில்லை. புயலின் மையம் கரையைத் தாண்டியது உண்மைதான். ஆனால் எங்கள் காதில் அது 'ஆபத்து முடிந்தது' என்று விழுகிறது. உங்கள் திரையிலும் அப்படித்தான்: கடற்கரையில் மழைக்கோட்டோடு நின்ற நிருபர் காணாமல் போகிறார், அரசியல் செய்தி வந்துவிடுகிறது.

அந்த ஞாயிறன்று நடந்ததைப் பாருங்கள். இழுத்துச் செல்ல மேலடுக்குக் காற்று வலுவாக இல்லாததால், கரையேறிய புயல் புதுச்சேரி பக்கமே மணிக்கணக்கில் உட்கார்ந்துவிட்டது. காற்றின் வேகம் குறைந்தது, ஆழ்ந்த தாழ்வு மண்டலமாக 'வலுவிழந்தது'. இந்த வார்த்தையும் எங்களை ஏமாற்றுகிறது. காற்று மணிக்கு 62 கிலோமீட்டரைத் தொட்டால் புயல், 50 முதல் 61 வரை என்றால் ஆழ்ந்த தாழ்வு மண்டலம். இந்த அளவுகோலில் மழைக்கு இடமே இல்லை. விழுப்புரம் மாவட்டம் மயிலத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 50 சென்டிமீட்டர். அடுத்த நாள் ஊத்தங்கரையிலும் அதே அளவு. கடலை விட்டு நூறு கிலோமீட்டருக்கும் மேல் தள்ளியிருக்கும் ஊர் அது! ஊத்தங்கரைப் பக்கம் பெய்த தண்ணீருக்கு வடிகால் தென்பெண்ணைதான். சாத்தனூர் அணையிலிருந்து திங்கள் அதிகாலை விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி திறந்துவிட்டார்கள். அரசூர் அருகே சென்னை–திருச்சி நெடுஞ்சாலை மேலேயே வெள்ளம் ஓடியது.

2015 டிசம்பர் 1-ம் தேதி தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் பெய்தபோது பெயர் வைத்த புயல் எதுவும் இல்லை. 2023-இல் மிக்ஜாம் கரையைக் கடந்தது ஆந்திராவின் பாபட்லா அருகே, டிசம்பர் 5-ம் தேதி. சென்னை மூழ்கியது அதற்கு முன்பே. எந்த இடத்தில் கடக்கும் என்பதை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு இவை இரண்டும் புரிந்திருக்காது.

இன்னொன்று. வானிலை ஆய்வு மையம் வெளியிடும் வரைபடத்தில் பாதையைச் சுற்றிப் போகப்போக விரியும் கூம்பு ஒன்று இருக்கும். மையம் அதற்குள் எங்கே வேண்டுமானாலும் போகலாம் என்று அர்த்தம். நீங்கள் கூம்பை அழித்துவிட்டு ஒற்றைச் சிவப்புக் கோடு போடுகிறீர்கள். கோட்டுக்குப் பக்கத்து ஊர்க்காரன் தப்பித்தோம் என்று நினைக்கிறான். ஃபெஞ்சல் நவம்பர் 27-ம் தேதியே புயலாகும் என்று எதிர்பார்த்தது 29-ம் தேதி பிற்பகலில்தான் புயலானபோது, இடையில் வானிலை மையத்தை எத்தனை கேலி! ஒன்றை ஊகிக்க முடியாது என்று சொல்வதும் முன்னறிவிப்புதான். அதைச் சொல்ல உங்களுக்கு நேரம் இருந்தது. பெயரை ஃபெஞ்சல் என்பதா ஃபெங்கல் என்பதா என்று ஆளுக்கொரு விதமாக எழுதவும் நேரம் இருந்ததே.

கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. கரையைக் கடந்த பின் இரண்டு நாளைக்குத் திரையின் அடியில் ஓடும் வரியை எங்களுக்குக் கொடுங்கள். எந்த அணையில் எவ்வளவு திறக்கிறார்கள், அது எந்த ஆற்றில் வரும், எந்தெந்த ஊர்களுக்கு எத்தனை மணிக்கு வந்து சேரும். நிருபர் ஒருவரைக் கடற்கரையிலிருந்து எங்கள் ஆற்றுப் பாலத்துக்கு அனுப்புங்கள். மழைக்கோட்டை அவர் கழற்ற வேண்டாம்.

இப்படிக்கு,
தென்பெண்ணைக் கரை விவசாயி ஒருவரின் மகன்