கொடுமுடியில் சொல்லாத பேர்

அம்முணிக்கு,

இங்கே எல்லோரும் சௌக்கியம். கோடைமழை ஒன்று பெய்து, கொறங்காட்டில் கொழுக்கட்டைப் புல் தளிர்த்திருக்கிறது.

வகுப்புப் பிள்ளைகளைத் தாய்லாந்தில், அந்தக் காலத்துச் சயாமில், இருக்கும் காஞ்சனபுரிக்குக் கூட்டிப் போவதாக நீ போனில் சொன்னதிலிருந்து எனக்குச் சரியாகத் தூக்கமில்லை. என் அப்பாருவின் தம்பி கதை உனக்குத் தெரியும். கங்காணி ஊருக்குள் வந்து ஆள் சேர்த்த காலத்தில் மலேயா ரப்பர் தோட்டத்துக்குப் போனவர். 1941 தீபாவளிக்குப் போட்டதுதான் கடைசிக் கடுதாசி. 1942 பிப்ரவரி 15-ல் சிங்கப்பூர் ஜப்பான்காரர் கைக்குப் போனது. யுத்தம் முடிந்து அதே தோட்டத்திலிருந்து திரும்பிய ஒருவர், "சயாமுக்கு ரயில்பாதை போட ஏத்திட்டுப் போனாங்க" என்றதோடு சரி. பெற்றவள் சாகும்வரை அவருக்குத் திதி கொடுக்க விடவில்லை. கொடுமுடியில் எல்லாப் பேரும் சொல்வார்கள், அந்தப் பேர் மட்டும் கூடாது.

பர்மாவில் இருந்த படைக்குச் சரக்கு அனுப்பக் கடல்வழி ஆபத்தாகிவிட்டதால் ஜப்பான் போட்ட பாதை அது, 415 கிலோமீட்டர். 1942-ல் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்தார்கள். இடையில் காலரா. போர்க்கைதிகள் 12,000 பேருக்கு மேல் செத்தார்கள். தமிழர், பர்மியர், ஜாவாக்காரர் என்று ஆசியக் கூலிகள் அதைப்போலப் பல மடங்கு.

பிள்ளைகள் அந்தப் பாதையின் ரயில் பாலத்தில் படம் எடுக்கத்தான் ஓடுவார்கள். எடுக்கட்டும். வளைவான இரும்புச் சட்டங்கள் பழையவை, நடுவில் வளைவில்லாமல் நேர்க்கோடாய் நிற்பவை குண்டு விழுந்தபின் மாற்றியவை என்று காட்டு, போதும். கல்லறைத் தோட்டத்தில்தான் நேரம் வேண்டும். ஏறக்குறைய 7,000 போர்க்கைதிகள் அங்கே. ஆளுக்கொரு கல்லின் முன் உட்கார்ந்து பேரையும் வயசையும் எழுதட்டும்.

பிறகு, இந்தப் பேரெல்லாம் எப்படிக் கிடைத்தன என்று கேள். கைதிகள் காவலுக்குத் தெரியாமல் சாவுக்கணக்கு எழுதி, சில தாள்களைப் பிணத்தோடேயே புதைத்தார்கள். 1945-ல் ஒரு குழு அந்தக் குறிப்புகளோடு பாதை நெடுகப் போய்க் குழிகளைத் தேடியது. பட்டாளத்துக்கு அதிகாரி இருந்தார், டாக்டர் இருந்தார். தோட்டக்கூலிக்குக் கணக்கு எழுத யார் இருந்தார்? அதனால்தான் நம்மவர்கள் 'சுமார்' என்று தொடங்கும் ஓர் எண்ணாக மட்டும் இருக்கிறார்கள். மியூசியத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருப்பதோடு, யாருடைய சட்டி, யாருடைய சட்டை அங்கே இல்லை என்றும் பார்க்கச் சொல். வீட்டுக்குப் போய்ப் பாட்டியிடம் கேட்கச் சொல்.

இன்னொன்று. உன் வகுப்பில் ஜப்பான் பையன் ஒருவன் இருக்கிறான் என்றாய். அவனைத் தலைகுனிய வைத்துவிடாதே, சாமி. அவன் எதுவும் செய்யவில்லை. அவன் பாட்டி வீட்டுச் சுவரிலும் திரும்பி வராத ஒருவர் படம் இருக்கலாம்.

ஆடி அமாவாசைக்கு உன் மாமா கொடுமுடி போகிறார். இந்தத் தடவை அந்தப் பேரையும் சேர்த்துச் சொல்லிவிடலாமா என்கிறார். நீ போய்ப் பார்த்துவிட்டு வரும்வரை பொறுக்கச் சொல்லியிருக்கிறேன்.

அம்மா
காங்கேயம்