கதையை வாசித்து அனுப்பிய அக்காவுக்கும், மற்ற எல்லோருக்கும்

எல்லோருக்கும் வணக்கம்.

என் சிறுகதைத் தொகுப்பின் கடைசிக் கதையை நேற்று ராத்திரி முடித்துவிட்டேன். 2023 மார்கழியில் தாமிரபரணி எங்கள் வீட்டுக்குள் வந்து போனது உங்களுக்கெல்லாம் தெரியும், அதைத் திரும்பச் சொல்ல மனசில்லை. நோட்டுகள் போயின, அலமாரி போனது, இனி எழுத வராது என்றே நினைத்திருந்தேன்.

முதல் நன்றி உடன்குடிப் பக்கத்து அக்காவுக்கு. பனையேறி கதையின் வரைவைக் கூகுள் டாக்ஸில் போட்டு, படித்துவிட்டு ஏதாவது சொல்லுங்கள் என்று வாட்ஸ்அப் குழுவில் கேட்டிருந்தேன். அக்கா ஓரத்தில் ஒரு வார்த்தைகூட எழுதவில்லை. மறுநாள் சாயங்காலம் ஒரு குரல்பதிவு வந்தது. கதை முழுவதையும் தன் குரலில் வாசித்து அனுப்பியிருந்தார். பின்னால் குக்கர் விசில் கேட்கிறது, நடுவில் யாரோ "பால் வந்துட்டு" என்று கூப்பிடுகிறார்கள், "கொஞ்சம் பொறு" என்று சொல்லிவிட்டு விட்ட வரியிலிருந்து தொடர்கிறார். நேரில் பார்த்ததுகூட இல்லாத ஒருவனுக்காக!

மரம் ஏறும் பத்தியில் ஒரு நீளமான வாக்கியம், எனக்கு ரொம்பப் பிடித்தது. அக்கா அதன் பாதியில் மூச்சு வாங்கி நிறுத்தி, திரும்ப முதலிலிருந்து படித்தார். அதை உடைக்க வேண்டும் என்று யாரும் சொல்லாமலே புரிந்தது. கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவாவிட்டால் பதநீர் புளித்துக் கள்ளாகிவிடும் என்று நாலு வரி விளக்கியிருந்தேன். அதைப் பாடம் ஒப்பிப்பதுபோல ஓட்டிவிட்டு, பெரியவர் விரலில் ஒட்டிய சுண்ணாம்பை மரத்தில் துடைக்கும் வரிக்கு வந்ததும் நிதானமாகிவிட்டார். அந்த நாலு வரியையும் எடுத்துவிட்டேன். "இறங்கி வந்து சாப்பிடுகிறேன்" என்று இருந்தது அவர் வாயில் தன்னால் "எறங்கி வந்து சாப்பிடுதேன்" ஆனது. முடித்ததும் "எங்கப்பாவும் இப்படித்தான் தம்பி" என்றார், அவ்வளவுதான்.

எழுதுகிறவனுக்குத் தன் வாக்கியம் எல்லாமே சரளமாகத்தான் இருக்கும், அடுத்து என்ன வருகிறது என்று அவனுக்குத்தான் முன்பே தெரியுமே. முதல்முறை வாசிக்கிற இன்னொருவர் குரலில்தான் கதை எங்கே தடுக்குகிறது, எங்கே வழுக்கிக்கொண்டு போகிறது என்பது கேட்கும். கதை எழுதக் கற்றுத்தரும் காணொளிகள் நிறையப் பார்த்திருக்கிறேன், பயன்பட்டும் இருக்கின்றன, ஆனால் இந்த ஒரு பதிவு கற்றுத்தந்த அளவுக்கு எதுவும் இல்லை.

அப்புறம், முகம் தெரியாத எத்தனையோ பேர். 1998 பொங்கலில் தொடங்கி, சம்பளம் வாங்காமல் பழைய நூல்களைத் தட்டச்சு செய்து, மெய்ப்புப் பார்த்து இணையத்தில் ஏற்றிவரும் மதுரைத் திட்டத் தன்னார்வலர்கள். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தைப் பராமரிப்பவர்கள். அலமாரியோடு போன பழைய நூல்களில் பலவற்றை இவர்களால்தான் திரும்பப் படித்தேன். சென்னைப் பல்கலைக்கழகப் பேரகராதியைச் சிகாகோ பல்கலைக்கழகத் தளத்தில் நடுராத்திரியிலும் தேடலாம், புத்தகம் வைக்க இடமில்லாத வாடகை வீட்டில் அது எவ்வளவு பெரிய உதவி! ஒற்று மிகுமா மிகாதா என்பதற்கு நாவி, எழுத்துப்பிழைக்கு வாணி, இந்த இரண்டு மென்பொருள்களையும் உருவாக்கி இலவசமாகக் கொடுத்த நீச்சல்காரன் என்பவருக்கு மனமார்ந்த நன்றி. வாணி பிழை என்று காட்டினாலும், அக்கா வாயில் வந்த பேச்சை மட்டும் அப்படியே விட்டுவைத்திருக்கிறேன். பழைய மடிக்கணினியைத் தந்த நண்பனுக்கும், கரண்ட் இல்லாத நாட்களில் போனை வாங்கிப்போய்ச் சார்ஜ் போட்டுத் தந்த எதிர்வீட்டுத் தம்பிக்கும் நன்றி.

இனி என்னிடம் வரும் எந்த வரைவுக்கும் கருத்து எழுதுவதோடு நிறுத்தமாட்டேன், வாசித்துப் பதிவு செய்தே அனுப்புவேன். புதிதாக எழுதுகிறவர்கள் தயங்காமல் அனுப்புங்கள், சிறுகதை என்றால் ஒரு வாரத்துக்குள் கிடைத்துவிடும். அக்கா, கடைசிக் கதையை உங்களுக்குத் தனியாக அனுப்பியிருக்கிறேன், வேலையெல்லாம் முடித்துவிட்டு நிதானமாக வாசியுங்கள்.