அவை வணங்கும் சிலைகள் அல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பஞ்சாபின் லூதியானா மாவட்டத்தில் உள்ள மெஹ்தியானா சாஹிப் குருத்வாராவின் வரலாற்றுச் சிற்பங்களைப் பற்றிச் சென்ற இதழில் வெளியான கட்டுரை நன்றாக இருந்தது. ஆனால், படம் ஒன்றின் கீழே ‘சீக்கியர்கள் வணங்கும் சிலைகள்’ என்று அச்சாகியிருப்பது பிழை. சீக்கிய நெறி உருவ வழிபாட்டை ஏற்பதில்லை. குருமார்களின் ஓவியங்கள் வீடுதோறும் தொங்கினாலும், அவர்களுக்குச் சிலை வடிப்பதை அச்சமூகம் ஒப்புக்கொள்வதில்லை.

அப்படியானால் அங்கே நிற்பவர்கள் யார் என்ற கேள்வி எழும். சீக்கியர்கள் நாள்தோறும் நின்றபடி சொல்லும் ‘அர்தாஸ்’ என்னும் பொது வேண்டுதலில், அங்கம் அங்கமாக வெட்டப்பட்டவர்கள், தலைத்தோல் உரிக்கப்பட்டவர்கள், சக்கரத்தில் ஏற்றப்பட்டவர்கள், ரம்பத்தால் அறுக்கப்பட்டவர்கள் என்று வரிசையாக நினைவுகூரும் பகுதி ஒன்று உண்டு. பாய் (‘சகோதரர்’ என்னும் மரியாதைச் சொல்) மணி சிங், 1745இல் உயிர்நீத்த பாய் தாரு சிங், அதே காலத்தில் லாகூரில் கொல்லப்பட்ட சுபேக் சிங், அவருடைய மகன் ஷாபாஸ் சிங், பாய் மதி தாஸ் ஆகியோரைத்தான் அந்த வரிகள் குறிக்கின்றன. வாயால் சொல்லி வந்ததையே சிற்பி கண்ணுக்குக் காட்டியிருக்கிறார். குழந்தைகள் மிரளும் அளவுக்கு இரத்தம் தெரிவது எனக்கும் உறுத்தல்தான் என்றாலும், அந்த வேண்டுதலும் எதையும் மூடி மறைப்பதில்லை.

1675இல் தில்லியில் இரண்டு தூண்களுக்கு நடுவே நிற்க வைத்து, உச்சந்தலையிலிருந்து அறுக்கப்பட்டவர் பாய் மதி தாஸ். கூண்டில் அடைபட்டிருந்த, சீக்கியர்களின் ஒன்பதாவது குருவான தேக் பகதூரைப் பார்த்தபடி நிற்க வேண்டும் என்பதே அவர் கேட்ட கடைசி வரம் என்கிறது மரபு. ரம்பத்தின் இருபுறமும் இழுப்பவர்களையும் அசையாத அந்த முகத்தையும் சிற்பி வடிக்கலாம். அம்முகம் பார்த்த குருவை வடிக்க மாட்டார்.

சிலை என்றாலே அங்கு எவ்வளவு கவனம் தேவை என்பதற்கு அமிர்தசரஸே சாட்சி. பொற்கோயிலுக்குச் செல்லும் வீதியில் வைக்கப்பட்ட நாட்டுப்புற நடனச் சிலைகள்கூட, 2020இல் எழுந்த எதிர்ப்பால் அகற்றப்பட்டன. பொற்கோயில் வளாகத்திலேயே 1958 முதல் இயங்கும் மத்திய சீக்கிய அருங்காட்சியகம், இதே தியாகிகளின் கதைகளைப் பெரும்பாலும் ஓவியங்களாலேயே சொல்கிறது.

ஆகவே, அடுத்த இதழில் திருத்தம் வெளியிடுவதோடு, இணையப் பதிப்பில் உள்ள படக்குறிப்பையும் மாற்றுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
வாசகர் ஒருவர்,
திருச்சிராப்பள்ளி.