கையைக் கட்டிக்கொண்டு நின்றவர்களுக்கு ஒரு நன்றி மடல்

எங்கள் ஊர்க்காரர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

பள்ளிக்கூடம் திறப்பதற்குள் நாங்கள் திருப்பூருக்குக் குடிபோகிறோம். வீட்டுக்காரருக்கு அங்கே வேலை கிடைத்திருக்கிறது. வீடு வீடாக வந்து சொல்லிக்கொண்டு போகலாம் என்றுதான் கிளம்பினேன். இரண்டாவது வீட்டிலேயே தொண்டை அடைத்துக்கொண்டது, திரும்பி வந்துவிட்டேன். அதனால்தான் இந்த மடல்.

நீங்கள் செய்த உதவி கொஞ்சம் விசித்திரமானது. பிள்ளை தடுமாறும்போது ஓடிப்போய்த் தாங்கத்தான் யாருக்கும் கை வரும். அந்தக் கையை இழுத்துக் கட்டிக்கொண்டு நின்றீர்கள் பாருங்கள், அதற்குத்தான் நன்றி சொல்ல வந்தேன்.

2020 மார்ச்சில் பூட்டிய பள்ளிக்கூடம், ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரைக்கும் 2021 நவம்பர் 1-ஆம் தேதிதான் திறந்தது. ஒன்றாம் வகுப்பில் ஒருநாள்கூட உட்காராமலே இரண்டாம் வகுப்புக்கு வந்த பிள்ளைகள் எங்கள் தெருவில் மட்டும் நான்கு பேர். அந்த நேரத்தில்தான், தன்னார்வலர்கள் வீட்டுப் பக்கத்திலேயே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் இல்லம் தேடிக் கல்வி என்ற அரசுத் திட்டம் வந்தது. மாலை ஐந்திலிருந்து ஏழு மணி வரை, மையத்துக்கு இருபது பிள்ளைகள், தன்னார்வலருக்கு மாதம் 1,000 ரூபாய். 2022 ஜனவரியில் எங்கள் வீட்டுத் திண்ணையில் தொடங்கினேன்.

தொடக்கத்தில் எல்லாவற்றையும் நானேதான் செய்தேன். பாய் விரிப்பது நான், பென்சில் சீவுவது நான், யாராவது வந்து "உன் பேரென்ன கண்ணு?" என்று பிள்ளையிடம் கேட்டால் பதில் சொல்வதும் நான். நல்ல டீச்சர் என்று பெயர் எடுக்க வேண்டுமே!

அந்த வருடம் சுதந்திர தின விழாவில் நான் செய்ததை இப்போது சொல்லிவிடுகிறேன். வேலு நாச்சியாருக்கு அடைக்கலம் கொடுத்த விருப்பாச்சி நமக்குப் பக்கத்து ஊர். அந்தப் பெருமையில், வாயே திறக்காத ஒரு மூன்றாம் வகுப்புப் பாப்பாவுக்கு நாச்சியார் வேடம் கட்டினேன். அட்டை வாள், ஜிகினாத் தாள் ஒட்டிய கிரீடம், இரண்டு பக்க வசனம். மேடை ஏறியதும் பாப்பா உறைந்துபோனாள். கீழேயிருந்து நான் "சத்தமாப் பேசு பாப்பா, சத்தமா!" என்று கத்தினேன். ஊரே என்னோடு சேர்ந்து கத்தியது. அவள் பாவாடையை நனைத்துக்கொண்டு அழுதாள். அப்புறம் பத்து நாள் திண்ணைப் பக்கமே வரவில்லை.

எதிர்வீட்டு அப்பத்தா அன்றைக்கு என்னைத் திட்டவில்லை. வெற்றிலையை மடித்துக்கொண்டே கேட்டார்: "வாளக் கையில குடுத்த, சரி. ஒரு வேலையக் குடுத்தியாடி அதுக்கு?"

அப்பத்தா, எனக்குக் கிடைத்த ஒரே பயிற்சி வகுப்பு அதுதான். மற்றதெல்லாம் பதிவேடு நிரப்புவதற்கான பயிற்சி.

அவளைத் திரும்பக் கூட்டிவந்து டிரங்குப் பெட்டிச் சாவியைக் கொடுத்தேன். ஐந்து மணிக்குப் பெட்டியைத் திறக்க வேண்டும், யார் எந்தப் புத்தகம் எடுத்தார்கள் என்று நோட்டில் எழுத வேண்டும், ஏழு மணிக்குப் பூட்ட வேண்டும். பேச வேண்டும் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. சாவியைக் கறுப்புக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டாள். முதல் வாரம் தலையாட்டலிலேயே காரியம் நடந்தது. எட்டாம் நாளோ ஒன்பதாம் நாளோ, ஐந்தாம் வகுப்பு அண்ணன் ஒருவன் பழைய புத்தகத்தைத் தராமல் புதியதை உருவப் பார்த்தான். பெட்டி மூடியை டம்மென்று சாத்தி அதன் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டாள். "நேத்து எடுத்தத வெச்சாத்தான் இன்னைக்கு." அவள் குரல் அப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் எங்களுக்கெல்லாம் தெரிந்தது. சாவிக்காரி என்ற பெயரும் அன்று வந்ததுதான்.

அதற்குப் பிறகுதான் உங்கள் கடைகளுக்கெல்லாம் வந்து ஒரு விண்ணப்பம் வைத்தேன். பிள்ளைகள் சாமான் வாங்க, தகவல் சொல்ல வருவார்கள். திக்கினால் எடுத்துக்கொடுக்காதீர்கள், மனதுக்குள் இருபது வரைக்கும் எண்ணுங்கள் என்றேன். என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தீர்கள். ஆனாலும் எண்ணினீர்கள்.

சந்தையில் வெங்காயக் கடை போடும் அக்கா, உங்களுக்கு என்ன சொல்வது! வெள்ளிக்கிழமை சுண்டலுக்குச் சாமான் வாங்க ஒரு மூன்றாம் வகுப்புப் பையன் வந்தான். நான் பத்தடி தள்ளி முருங்கைக்காய் பொறுக்குவதுபோல நின்றேன். சின்ன வெங்காயம் அரைக் கிலோ முப்பது, மாங்காய் இரண்டு இருபது. நூறு ரூபாய்த் தாளை நீட்டினான். நீங்கள் நாற்பது ரூபாயை மடித்து அவன் கையில் வைத்துவிட்டு, வேறெங்கோ பார்த்தபடி தராசைத் துடைத்தீர்கள். நான்கு எட்டு நடந்தவன் நின்றான். தாளைப் பிரித்தான். விரலை மடக்கினான், மறுபடி மடக்கினான். திரும்பி வந்து, "அக்கா... பத்து ரூவா குறையுது" என்றான், உங்கள் முகத்தைப் பார்க்காமல் வெங்காயக் குவியலைப் பார்த்து. "எப்படிச் சொல்ற?" என்றீர்கள். பின்னால் நின்றவர் "ஆகட்டும்மா, நேரமாச்சு" என்று அவசரப்படுத்த, "பொறுங்கண்ணே, புள்ள கணக்குச் சொல்லுதுல்ல" என்று அவரை நிறுத்தி வைத்தீர்கள். முப்பதும் இருபதும் அம்பது, நூறுல அம்பது போனா அம்பது என்று அவன் சொல்லி முடித்த பிறகுதான் அந்தப் பத்து ரூபாய் வெளியே வந்தது. வேண்டுமென்றே குறைத்துக் கொடுத்தீர்கள் என்று அவனுக்கு இன்றுவரை தெரியாது. தெரிந்தால் சண்டைக்கு வருவான், ஜாக்கிரதை.

டீக்கடை அண்ணனுக்கு நான் ஒரு தூக்குப்போணி கடன்பட்டிருக்கிறேன். நசுங்கியது உங்கள் போணிதான். டீ வாங்கிப் போன பிள்ளை கடை வாசலிலேயே தடுக்கி விழுந்து, போணி உருண்டு, டீ அத்தனையும் மண்ணில். கடையில் இருந்தவர்கள் உச்சுக்கொட்டத் தொடங்கியதும் நீங்கள் ஒரு பார்வை பார்த்தீர்கள், சத்தம் நின்றது. கை சுட்டிருக்கிறதா என்று மட்டும் புரட்டிப் பார்த்துவிட்டு ஈரத்துணியைக் கொடுத்தீர்கள். படியைத் துடைத்து, போணியைக் கழுவி நிமிர்ந்தபோது, மறு டீ தயாராக இருந்தது. திரும்பவும் அதே பிள்ளையின் கையில்தான் கொடுத்தீர்கள். நானாக இருந்தால் வேறு பிள்ளையை அனுப்பியிருப்பேன்.

இதை எங்கள் அங்கன்வாடி டீச்சரிடம் சொன்னபோது அவர் ஒரு விஷயம் சொன்னார். மரியா மாண்டிசோரி என்ற இத்தாலிய அம்மையார் 1939-இல் சென்னை அடையாறுக்குப் பயிற்சி கொடுக்க வந்தார். உலகப் போர் வந்து, எதிரி நாட்டுக்காரர் என்பதால் ஊர் திரும்ப முடியாமல் போயிற்று. அதில் சில காலம் நம் கொடைக்கானலில்தான் தங்கியிருந்தார். அவர் வகுப்பில் சின்னப் பிள்ளைகளுக்குத் தண்ணீர் ஊற்றுவது, பொத்தான் போடுவது, கூட்டுவது எல்லாமே பாடம். பாத்திரமும் நிஜக் கண்ணாடி, நிஜப் பீங்கான். கீழே போட்டால் உடையும் என்று பிள்ளைக்குக் கண்ணால் தெரிந்தால்தான் கை தானாகப் பதமாகும் என்பது அவர் கணக்கு. நம் ஊரிலிருந்து பார்த்தால் தெரிகிற மலை. இத்தனை வருடம் அங்கே சாக்லேட் வாங்கத்தான் போய்வந்திருக்கிறேன்.

எல்லாம் சுமுகமாக நடந்தது என்று எழுதினால் பொய். ஒருநாள் ஒரு அம்மா திண்ணைக்கு வந்து நேராகவே கேட்டார். "எங்க பிள்ளதான் கூட்டணுமா?"

எனக்குச் சுருக்கென்றது. நான் யோசித்து அந்தப் பிள்ளையிடம் துடைப்பத்தைக் கொடுக்கவில்லை என்பது உண்மை. யோசிக்காமலே கொடுத்திருந்தேன் என்பது அதைவிட மோசம். எந்தப் பிள்ளை கையில் துடைப்பம் போகிறது, எந்தப் பிள்ளை கையில் வருகைப் பதிவேடு போகிறது என்பது நம் ஊரில் யாரும் சொல்லித்தராமலே நடக்கிற காரியம். அந்த அம்மா கேட்டதற்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும் என்று எனக்குத் தெரியும். அன்று மாலையே பழைய போர்ன்விட்டா டப்பா ஒன்றில் சீட்டு போட்டோம். கூட்டுவது, தண்ணீர் பிடிப்பது, சந்தை, சாவி, எல்லாம் வாரச் சீட்டு. முதல் வாரம் துடைப்பம் என் மகனுக்கு விழுந்தது. அவன் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! சாவி மட்டும் சீட்டில் யாருக்கு விழுந்தாலும், இரண்டே நாளில் நோட்டு தாறுமாறாகிப் பிள்ளைகளே அவளிடம் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். அதை நான் தடுக்கவில்லை.

லீடர் என்றால் நம் பள்ளிகளில் பேசுகிறவன் பேரைப் போர்டில் எழுதுகிறவன். எங்கள் திண்ணையிலும் ஒருவன் அப்படித்தான் கிளம்பினான், குச்சியோடு. அவனையும் அப்பத்தாவிடமே விட்டேன். சுண்டல் பங்கு போடும் வேலை கொடுத்தார், ஒரே ஒரு சட்டத்தோடு: "பங்கு போடுறவன் கடைசிப் பங்கத்தான் எடுக்கணும்." இரண்டு வெள்ளிக்கிழமை அவனுக்கு அடிச்சட்டியில் ஒட்டிய நாலு கடலைதான் மிஞ்சியது. மூன்றாம் வெள்ளியிலிருந்து கரண்டியை அளந்து போட்டான். குச்சி எங்கே போனதென்று தெரியவில்லை.

நூலகர் சார், உயரத் தட்டில் இருந்த புத்தகத்தை எடுத்துத் தராமல் ஸ்டூலைக் காட்டினீர்களே, அதற்கு நன்றி. தபால்கார அண்ணன், பிள்ளைகள் ஐம்பது பைசாக் கார்டில் தங்களுக்குத் தாங்களே எழுதிப் போட்டதையெல்லாம் வீட்டு வாசலில் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கொடுத்தீர்கள், அதற்கும். மினி பஸ் கண்டக்டர் தம்பி, அந்த விசில் இன்னும் திரும்பி வரவில்லை என்பது எனக்குத் தெரியும். கேட்டுச் சொல்கிறேன்.

கடைசியாகக் கிராம சபை. 2024 அக்டோபர் 2. நூலகத்துக்குப் போகும் சந்தில் தெருவிளக்கு இல்லை, இருட்டினால் புத்தகம் எடுக்கப் போக முடியவில்லை என்று பிள்ளைகளே மனு எழுதினார்கள். வாசிக்க யார் என்றபோது சாவிக்காரி எழுந்தாள். அப்போது ஐந்தாம் வகுப்பு. எனக்கு அந்த அட்டை வாள் ஞாபகம் வந்து வயிற்றைக் கலக்கியது.

இரண்டாவது வரியில் குரல் நின்றுவிட்டது. தாள் மட்டும் ஆடியது. ஊராட்சிச் செயலர் சார் கையை நீட்டி அந்த மனுவை வாங்கியிருக்கலாம், அது ஒரு நொடி வேலை. நீங்கள் பேனாவை மேசையில் வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தீர்கள். பந்தலில் ஒருவரும் "சத்தமா" என்று சொல்லவில்லை. இரண்டு வருடத்துக்கு முன்னால் கத்திய அதே ஊர்தான். நான் எண்ணிக்கொண்டிருந்தேன். பதினாலில் அவள் சாவிக் கயிற்றை ஒருமுறை பிடித்துப் பார்த்துக்கொண்டாள். பதினேழில் விட்ட இடத்திலிருந்து வாசித்தாள்.

தீர்மான நோட்டில் ஏறியது. விளக்கு இன்னும் வரவில்லை. திங்கட்கிழமைதோறும் அவள் ஊராட்சி அலுவலகத்துக்குப் போய்க் கேட்கிறாள். அவளுக்கும் இருபது எண்ணப் பழக்கியிருப்பதால் சீக்கிரம் விடமாட்டாள் என்று செயலர் சாருக்கு முன்கூட்டியே சொல்லிவைக்கிறேன்.

பெட்டியை அப்பத்தா வீட்டுத் திண்ணைக்கு மாற்றிவிட்டார்கள். நேற்று சாயங்காலம் போய், திருப்பூரில் மகனுக்கு ஆகுமே என்று ஒரு கதைப் புத்தகம் கேட்டேன். பெட்டி முழுக்க நான் சேர்த்த புத்தகங்கள். சாவிக்காரி நோட்டைப் பிரித்து, தேதி எழுதி, பேனாவோடு என் பக்கம் திருப்பி வைத்தாள்.

"எப்பத் திருப்பித் தருவீங்கக்கா?"

தைப்பொங்கலுக்கு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அன்புடன்,
திண்ணை அக்கா