டிரா வருவதற்கு முன்னால் ஒரு நன்றி

நன்றி மடல் என்றாலே கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு எழுதுவதுதான் வழக்கம். தோற்றுவிட்டு எழுதினால் படிப்பவர்களுக்கும் சங்கடம், "விடும்மா, அடுத்த தடவை பார்த்துக்கலாம்" என்று ஒரு வரி போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். அதனால் இப்போதே எழுதிவிடுகிறேன். 2025 சென்னை ஓபன் டென்னிஸின் தகுதிச் சுற்றுக்கான டிரா, அதாவது யாரோடு யார் என்ற பட்டியல், இன்னும் வரவில்லை, யாரோடு ஆடப்போகிறேன் என்று எனக்கே தெரியாது, மழை விட்டு ஆடவாவது முடியுமா என்பதும் தெரியாது, ஐப்பசி மாதத்தில் நுங்கம்பாக்கத்தில் டென்னிஸ் வைத்தால் வேறெப்படி இருக்கும். நீங்கள் யாரும் நான் ஜெயிப்பேன் என்று கணக்குப் போட்டு எனக்கு உதவவில்லை. அப்படியிருக்க உங்களுக்குச் சொல்லும் நன்றி மட்டும் ஸ்கோர் பார்த்து வரக்கூடாது.

விவரம் தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பெண்கள் டென்னிஸை நடத்தும் டபிள்யூ.டி.ஏ. அமைப்பின் 250 நிலைப் போட்டி ஒன்று சென்னையில் இதற்கு முன் கடைசியாக நடந்தது 2022-ல். அப்போது செக் குடியரசின் லிண்டா ஃப்ருவிர்தோவா 17 வயதில் இங்கே பட்டம் வாங்கினார். மூன்று வருடம் கழித்து இப்போது மறுபடி வருகிறது. நான் ஆடுவதெல்லாம் டபிள்யூ 15, டபிள்யூ 35 என்று அடிமட்டத்தில் இருக்கிற, சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பான ஐ.டி.எஃப். நடத்தும் போட்டிகள். டபிள்யூ 15-ல் பட்டமே வாங்கினாலும் கைக்கு வருவது இரண்டாயிரம் டாலர் சொச்சம்தான், அதில் விமானம், தங்குமிடம், வரி எல்லாம் போக என்ன மிஞ்சும் என்று நீங்களே பாருங்கள். என் ரேங்கிங்குக்கு இந்த அளவுப் போட்டியில் நேரடியாக இடம் கிடைக்காது. உள்ளூர்ப் பெண் என்று தகுதிச் சுற்றுக்கு ஒரு வைல்டு கார்டு, அதாவது ரேங்கிங் பார்க்காமல் தரும் சிறப்பு அனுமதி, கொடுத்திருக்கிறார்கள். அதில் இரண்டு ஆட்டம் ஜெயித்தால்தான் மெயின் டிரா.

ஆனால் இதையெல்லாம் எங்கள் அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குழுவுக்கு யார் சொல்வது? சேதி வந்த அன்றே "நம்ம பொண்ணு சென்னை ஓபன் ஆடுது" என்று போட்டு, அதற்குக் கீழே நூறு கைகூப்பல். டிவியில் எந்த சேனல் என்று ஒருவர், ஃபைனலுக்கு டிக்கெட் கிடைக்குமா என்று இன்னொருவர். கோயம்புத்தூர் மாயா ராஜேஷ்வரன் இந்த 2025 பிப்ரவரியில் மும்பை ஓபனில் 15 வயதில் தகுதிச் சுற்றிலிருந்து அரையிறுதி வரை போனதிலிருந்து எங்கள் வீட்டுக் கல்யாணங்களில் எனக்குக் கிடைக்கும் முதல் கேள்வியே அதுதான்: "அந்தப் பொண்ணுக்குப் பதினஞ்சாம், உனக்கு என்ன வயசும்மா?" மாயா ஆடுவதைப் பார்த்து நானும்தான் கைதட்டினேன். கேட்கிறவர்கள் மேலும் கோபமில்லை, அவர்களுக்கு என் மேல் இருக்கிற பாசம் அப்படித்தான் வெளியே வருகிறது. ஆனால் பாசத்துக்கும் எடை உண்டு.

அந்த எடை முதலில் போய் உட்கார்ந்த இடம் என் இடது கை, சர்வீஸுக்காகப் பந்தை மேலே தூக்கிப் போடுகிற, அதாவது டாஸ் போடுகிற கை. டாஸ் தலைக்குப் பின்னால் போக ஆரம்பித்தது. பயிற்சியில், எதிரே யாருமே இல்லாத கோர்ட்டில், டபுள் ஃபால்ட், இரண்டு சர்வீஸும் தவறி பாயின்ட்டே போய்விடுவது. ராத்திரி படுத்தால் கண்ணுக்குள் அதே டாஸ், காலையில் இட்லி தொண்டையில் இறங்காது.

முதல் நன்றி எங்கள் கோச் சாருக்கு. டாஸ் கெட்டுப்போனதும் பார்த்தவர்கள் எல்லாரும் "எல்லாம் மனசுதாம்மா, தைரியமா போடு" என்றார்கள். அவர் ஒருவர்தான் ஃபோனில் வீடியோ எடுத்து, முழங்கை எவ்வளவு சீக்கிரம் மடங்குகிறது என்று நிறுத்தி நிறுத்திக் காட்டினார். பெலாரஸ் வீராங்கனை சபலெங்காவின் கதையையும் அவர்தான் சொன்னார். 2022 தொடக்கத்தில் ஆட்டத்துக்கு ஆட்டம் டபுள் ஃபால்ட் குவித்து, வேறு வழியில்லாமல் கையைத் தாழ்த்தி அண்டர்ஆர்ம் சர்வீஸ் போடும் நிலைக்குக் கூடப் போன சபலெங்கா, உடல் அசைவை ஆராயும் பயோமெக்கானிக்ஸ் தெரிந்த ஒருவரோடு உட்கார்ந்து சர்வீஸைத் திரும்பக் கட்டி, 2023 ஜனவரியில் ஆஸ்திரேலிய ஓபனையே ஜெயித்தார். பயம் உடம்புக்குள் வந்தால் அதற்கு ஒரு வடிவம் இருக்கும், அந்த வடிவத்தைத் திருத்தலாம் என்பது சாருடைய கட்சி. எனக்கு அது எத்தனை பெரிய நிம்மதி தெரியுமா? "தைரியமா இரு" என்றால் எங்கே தொடங்குவது? "முழங்கையை இன்னும் கொஞ்ச நேரம் நீட்டி வை" என்றால் நாளைக் காலையே தொடங்கலாம்.

சரி, மனசே இல்லையா என்றால் இருக்கிறது. அந்தப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டவர் விளையாட்டு உளவியல் பார்க்கிற டாக்டர் மேடம். பெயர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார். நான் போகும்போது கண்ணை மூடிக் கோப்பையைக் கற்பனை பண்ணச் சொல்வார் என்று நினைத்தேன். அவரோ ஒரு தாளைக் கொடுத்து எதற்குப் பயப்படுகிறாய், எழுது என்றார். எழுதி முடித்துப் பார்த்தால் அதில் எதிராளியின் ஃபோர்ஹேண்ட் இல்லை, தோல்விகூட இல்லை. முழுக்க முழுக்க மனிதர்கள். அப்பாவின் முகம், பணம் கொடுத்த மாமாவின் முகம், பள்ளிக்கூடத்தில் எனக்காக அட்டெண்டன்ஸ் பார்த்துக்கொடுத்த டீச்சரின் முகம். "ஓ, நீ கோர்ட்டுக்குத் தனியாவே போறதில்லை போல" என்று சிரித்தார்.

அதற்கு அவர் கொடுத்த மருந்து ரொம்பச் சாதாரணமானது. இரண்டு பாயின்ட்டுக்கு நடுவே 25 விநாடி கடிகாரம் ஓடுகிறதே, அந்த நேரத்தைப் பிரித்துக் கொடுத்தார். பாயின்ட் முடிந்ததும் வலைக்கு முதுகைக் காட்டித் திரும்பணும், ராக்கெட்டை இடது கைக்கு மாற்றணும். டவல் வரை நடக்கும்போது திட்டுவதோ குதிப்பதோ எதுவானாலும் அங்கேயே முடித்துக்கொள்ளலாம், அதற்கு முழு அனுமதி உண்டு. திரும்பி வரும்போது கண் ஸ்டிரிங் மேல் இருக்கணும், மூச்சை உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவது நீளமாக இருக்கணும். கோட்டுக்கு வந்ததும் ஒரே ஒரு முடிவு, சர்வீஸ் எங்கே போகிறது என்பது மட்டும். இதைப் படிக்கிற ஜூனியர் பிள்ளைகள் யாராவது இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள், காசு கேட்க மாட்டேன். கேட்க ஏதோ யோகா வகுப்பு மாதிரி இருந்தாலும், பயப்படாதே என்று ஒருமுறைகூடச் சொல்லாததுதான் இதில் எனக்குப் பிடித்தது. பயத்துக்கு டவல் வரைக்கும் இடம் உண்டு, அவ்வளவுதான்.

இப்படி மனசைப் பற்றி ஒருத்தி வெளிப்படையாக எழுதுவதே கொஞ்ச நாள் முன்னால் வரை நடக்காது. 2021-ல் ஜப்பான் வீராங்கனை நவோமி ஒசாகா ஃப்ரெஞ்ச் ஓபனில் செய்தியாளர் சந்திப்புக்குப் போகாமல் 15,000 டாலர் அபராதம் வாங்கி, அப்புறம் போட்டியிலிருந்தே விலகி, 2018-லிருந்தே மனச்சோர்வோடு போராடுவதாக எழுதினார். அன்றைக்குப் பாதிப்பேர் திட்டினார்கள். ஆனால் என் மாதிரி ரேங்கிங்கில் எங்கேயோ கிடப்பவர்கள் டாக்டரிடம் போவதை ஒளிக்காமல் சொல்ல முடிவதில் அவருக்கும் பங்கு இருக்கிறது.

அடுத்து எங்கள் கிளப் மார்க்கர் அண்ணன், பயிற்சிக்கு எதிரே நின்று பந்து அடித்துக் கொடுப்பவர். காலை ஆறு மணிக்கு, கோர்ட்டில் ஈரம் காயாத நேரத்தில், தானே வைப்பரை எடுத்துத் தண்ணீரைத் தள்ளிவிட்டு எனக்கு அடித்துக் கொடுப்பார். பேசவே மாட்டார். சர்வீஸ் மோசமாகப் போன ஒரு காலையில் மட்டும், பந்துகளைப் பொறுக்கிக்கொண்டே, 2008 சென்னை ஓபனைப் பற்றிச் சொன்னார், அப்போது அவர் அங்கே பால் பாய். அரையிறுதியில் நடாலும் மோயாவும் கிட்டத்தட்ட நான்கு மணி நேரம் ஆடினார்கள், நடால் ஜெயித்தார். மறுநாள் ஃபைனலில் யூஷ்னியிடம் 6-0, 6-1 என்று நடால் தோற்றார். நடால்! நம்ம நுங்கம்பாக்கத்தில்! "அந்த வருஷம்தான் பாப்பா அவரு ஃப்ரெஞ்ச் ஓபன், விம்பிள்டன், ஒலிம்பிக் தங்கம் மூணும் அடிச்சாரு" என்று சொல்லிவிட்டு அடுத்த பந்தைப் போட்டார். இதற்கு மேல் விளக்கமெல்லாம் கிடையாது. அண்ணே, நீங்கள் ஒரு வருடத்தில் பேசுகிற பேச்சு அது, எனக்காகச் செலவழித்ததற்கு நன்றி.

அப்பாவுக்கு எழுதுவதுதான் கஷ்டம். ஆட்டம் முடிந்து பைக்கில் ஏறினால் வீடு வரும்வரை பாயின்ட் பாயின்ட்டாக அலசுவார், இரண்டாவது செட்டில் 30-40-ல் ஏன் ட்ராப் ஷாட் என்று அமைந்தகரை சிக்னலில் ஹெல்மெட்டுக்குள்ளிருந்து கேட்பார். டாக்டர் அவரைக் கூப்பிட்டுப் பேசினார், என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. அதிலிருந்து நானாகப் பேச்சை எடுத்தால் ஒழிய ஆட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை வருவதில்லை. பதிலுக்கு பெட்ரோல் விலை, ஃப்ளாட் மோட்டார் ரிப்பேர், கிரிக்கெட் என்று என்னென்னவோ பேசுகிறார். இத்தனை வருடப் பழக்கத்தை இந்த வயதில் ஒருவர் மாற்றிக்கொள்கிறார் என்றால் அது நான் பேக்ஹேண்டை மாற்றியதைவிடப் பெரிய வேலை. அப்பா, இப்போது உங்களுக்கு நாக்கு துடிப்பது எனக்குத் தெரிகிறது. அதற்கும் சேர்த்து நன்றி.

அம்மா திருத்தணி முருகனுக்கு வேண்டிக்கொண்டிருந்தார், பொண்ணு ஜெயித்தால் வருகிறேன் என்று. ஒருநாள் ராத்திரி நான் தூங்காமல் ஹாலில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. மறுநாள் சமையலறையிலிருந்து சத்தமாக, எனக்குக் கேட்க வேண்டும் என்றே சொன்னார்: "முருகா, வேண்டுதலை மாத்திக்கிறேன். அடிபடாம ஆடி முடிச்சாப் போதும், வந்துடுறேன்." ஆக, படி ஏறுவது உறுதி. முருகனிடமே விதியைத் திருத்திய அம்மாவுக்கு நான் தனியாக என்ன எழுத.

பணம் பற்றியும் சொல்லியாக வேண்டும், டென்னிஸில் எதிர்பார்ப்பு என்பதில் பாதி கடன்தான். 2023-ல் சுமித் நாகல், அப்போது நாட்டின் நம்பர் ஒன், தன் கணக்கில் 900 யூரோதான் இருக்கிறது என்று வெளிப்படையாகச் சொன்னார். அதே ஆள் 2024 ஆஸ்திரேலிய ஓபனில் தகுதிச் சுற்றிலிருந்து வந்து சீட் பெற்ற, அதாவது போட்டியின் முன்னணி வரிசையில் வைக்கப்பட்ட பப்ளிக்கை வீழ்த்தினார், 1989-ல் ரமேஷ் கிருஷ்ணன் விலாண்டரைத் தோற்கடித்த பிறகு இந்திய ஆண் ஒருவர் கிராண்ட் ஸ்லாம் ஒற்றையரில் அப்படிச் செய்தது அதுதான் முதல் முறை. அவருக்கே அந்த நிலை என்றால் எங்கள் நிலையைச் சொல்ல வேண்டாம். எனக்கு இந்த சீசனுக்குப் பணம் கொடுத்த மாமா, கொடுத்த நாளிலிருந்து அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. ரிசல்ட்டைக்கூடக் கேட்பதில்லை, "ஊர் எப்படி இருந்துச்சு, சாப்பாடு கிடைச்சுதா" என்றுதான் கேட்பார். மாமா, நீங்கள் கொடுத்த பணத்தைவிட, அதைப் பேசாமல் இருப்பது பெரிய தொகை.

சித்தி பையனுக்கு. போட்டி முடியும்வரை என் ஃபோன், இன்ஸ்டா எல்லாம் அவனிடம். காலேஜ் பையன், ஆனால் இந்த வேலையில் செக்யூரிட்டி அண்ணன் தோற்றுப்போகணும். பந்தயம் கட்டித் தோற்கிறவர்கள் எங்களுக்கு அனுப்புகிற செய்திகளை நீங்கள் படித்திருக்க மாட்டீர்கள், டபுள் ஃபால்ட் போட்டதற்கு அம்மா சாகணும் என்று எழுதுவார்கள். 2024-ல் 458 வீரர் வீராங்கனைகளுக்கு இப்படிச் சுமார் 8,000 வசைகள் வந்ததாக டபிள்யூ.டி.ஏ.-யும் ஐ.டி.எஃப்.-உம் சேர்ந்து வெளியிட்ட அறிக்கை சொல்கிறது, அதில் பத்தில் நான்கு பந்தயக்காரர்களுடையது. அவன் அதையெல்லாம் அழித்துவிட்டு நாய்க்குட்டி வீடியோ மட்டும் காட்டுகிறான். டேய், நன்றிடா. ஃபோன் சார்ஜரைத் திருப்பிக் கொடு.

இன்னும் பிசியோ அக்கா, என் தோளைப் பிசைந்தபடியே சீரியல் கதை சொல்லி என்னைத் தூங்க வைத்தவர். தகுதிச் சுற்றிலேயே என்னோடு மோத நேரலாம் என்று தெரிந்தும் தினமும் என்னோடு பயிற்சி செய்கிற என் டபுள்ஸ் ஜோடி. டிராவில் நாம் இருவரும் எதிரெதிரே வந்தால் சிரிக்காமல் ஆடணும், சொல்லிவிட்டேன்.

வருகிறவர்களுக்கு: நான் சர்வீஸ் போடும்போது தயவுசெய்து எழுந்து நடக்காதீர்கள், கோர்ட் மாறும்போது நடங்கள், அதற்குத்தான் 90 விநாடி இருக்கிறது. டபுள் ஃபால்ட் போட்டால் "ச்ச்ச்" என்று கூட்டமாக ஒரு சத்தம் வருமே, அது எனக்கு நன்றாகவே கேட்கும், கொஞ்சம் அடக்கிக்கொள்ளுங்கள். ஃபைனல் டிக்கெட் என்னிடம் இல்லை.

ஸ்டிரிங் போடுகிற அண்ணனுக்குத் தனி நன்றி, ராத்திரி பத்து மணிக்குப் போனாலும் கதவைத் திறப்பதற்கு. அண்ணே, நாளைக்கு மூன்று ராக்கெட் கொண்டுவருகிறேன். ஸ்டிரிங் இழுவிசை இரண்டில் 50 பவுண்ட், ஒன்றில் 48. மழை ஈரத்தில் பந்து கனமாகிவிட்டால் அந்த 48-தான் வேண்டியிருக்கும், அதில் மட்டும் சிவப்பு டேப் ஒட்டிவிடுங்கள், அவசரத்தில் மாற்றி எடுத்துவிடுவேன்.