உடல் கிடைக்காத வீரர்களின் தாய்வழி உறவினரிடம் டிஎன்ஏ மாதிரி எடுக்கக் கோரும் மனு

பெறுநர்:
செயலாளர் அவர்கள்,
முன்னாள் படைவீரர் நலத் துறை,
பாதுகாப்பு அமைச்சகம், புது தில்லி.

பொருள்: பனியாற்றில் காணாமல் போன வீரர்களை அடையாளம் காண, உறவினரின் டிஎன்ஏ மாதிரிகளை இப்போதே சேகரித்தல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

சியாச்சின் பனிச்சரிவில் சிக்கிய என் தாய்மாமாவின் உடல் இன்றுவரை கிடைக்கவில்லை. இறந்ததாக அறிவிக்கும் கடிதம் வந்தது. பாட்டி இருந்தவரை ஓய்வூதியமும் ஒழுங்காக வந்தது. அந்த வகையில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

1984 மே மாதம், சியாச்சினைக் கைப்பற்ற இந்திய இராணுவம் நடத்திய மேகதூத் நடவடிக்கையின்போது பனிச்சரிவில் புதைந்த வீரர் ஒருவரின் உடல், 38 ஆண்டுகள் கழித்து 2022 ஆகஸ்டில் கிடைத்தது. இராணுவ எண் பொறித்த அடையாள வில்லை கூடவே இருந்ததால் யாரென்று தெரிந்தது. 1968இல் இமாச்சலப் பிரதேசத்தின் ரோத்தங் கணவாய் அருகே விழுந்த விமானப்படை விமானத்தில் சென்றவர்களில் நால்வரின் உடல்கள் 2024இல்தான் மீட்கப்பட்டன (அது போர் அல்ல, ஆனால் பனி ஒன்றுதான்). பனியாறு நகர்கிறது, உருகுகிறது, உள்ளே இருப்பதை வெளியே தள்ளுகிறது. வில்லை இல்லாமல் சில எலும்புகள் மட்டும் கிடைத்தால் என்ன செய்வது?

பழைய எலும்பில் மற்ற டிஎன்ஏ சிதைந்துபோனாலும் மைட்டோகாண்ட்ரியா (செல்லுக்குள் ஆற்றல் தரும் நுண்ணுறுப்பு) டிஎன்ஏ பெரும்பாலும் கிடைக்கும். அது தாய்வழியாக மட்டுமே வருவது. வீரரின் சொந்த மகனிடம் இருக்காது. உடன்பிறந்தவர்களிடமும் சகோதரியின் பிள்ளைகளிடமும் இருக்கும். தாய்மாமன் உறவை நம் பக்கம் ஏன் இவ்வளவு பெரிதாகப் பேசுகிறார்கள் என்று இதைப் படித்தபோதுதான் யோசித்தேன். இந்த டிஎன்ஏ மட்டுமே முழு ஆதாரம் ஆகிவிடாது, சரி. ஆனால் நூறு பேரில் தேடுவதை ஒரு சிலராகக் குறைத்துவிடும்.

இதற்காக ஓர் அலுவலகத்தை அணுகியபோது, "உடல் கிடைக்கட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்றார்கள். அதற்குள் மாதிரி கொடுக்க யார் இருப்பார்கள்? என் அம்மாவுக்கு 76 வயது. அவருக்குப் பின் நான் இருக்கிறேன். பல குடும்பங்களில் மிஞ்சியிருப்பது வயதான ஓர் அக்காவோ தங்கையோதான். அமெரிக்காவில் இரண்டாம் உலகப் போரில் காணாமல் போனவர்களின் உறவினரிடம்கூட முன்கூட்டியே மாதிரி வாங்கி வைக்கிறார்கள். 1941இல் பேர்ல் ஹார்பரில் மூழ்கிய ஓக்லஹோமா போர்க்கப்பலின் அடையாளம் தெரியாத வீரர்களை 2015 முதல் கல்லறையிலிருந்து தோண்டியெடுத்து, 300க்கும் மேற்பட்டோருக்குப் பெயர் கண்டுபிடித்தது அப்படித்தான்.

எனவே, உடல் கிடைக்காத வீரர்களின் பட்டியலைத் தயாரித்து, தாய்வழி உறவினரில் மூத்தவர்களிடம் முதலில் மாதிரி எடுத்து, வீரரின் இராணுவ எண்ணோடு சேர்த்துப் பாதுகாக்க ஆணையிட வேண்டுகிறேன். கன்னத்தின் உட்புறம் பஞ்சுக் குச்சியால் தடவி எடுப்பதுதான் வேலை. மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்திலேயே இதைச் செய்யலாம். எலும்புகள் கிடைத்தால், பரிசோதனை முடியும்வரை அவற்றை எரிக்கவோ புதைக்கவோ கூடாது என்றும் அறிவுறுத்த வேண்டும்.

அம்மாவுக்கு முழங்கால் வலி; நீண்ட பயணம் முடியாது. மாவட்டத்துக்குள் எங்கு வரச் சொன்னாலும் அழைத்து வருகிறேன்.

இப்படிக்கு,
காணாமல் போன வீரரின் சகோதரி மகன்